மதினி சொன்ன சாட்சி

மதினி, அன்று சாட்சிக் கூண்டில் ஏன் அப்படிச் சொன்னீர்கள்? இத்தனை வருடம் யோசித்தும் எனக்கு விடை தெரியவில்லை.

நாளை ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. வக்கீல் எழுதிய ஆட்சேபணை என் மேசையில் கிடக்கிறது. அதில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’ என்று அடித்திருக்கிறார்கள். அந்தச் சொல்லைத் தாண்டி என்னால் படிக்க முடியவில்லை. நம் அன்னதான மடத்துக்கு உங்கள் இடத்தில் தன்னை அறங்காவலராக நியமிக்கச் சொல்லி உங்கள் மகன் மனுப் போட்டிருக்கிறான். நான் கையெழுத்துப் போட்டால் மறுபடியும் வழக்கு. மடம் மறுபடியும் பூட்டப்படலாம். போடாவிட்டால், ஒரு நாளும் கடைசிப் பந்திவரை நின்றிராத ஒருவனிடம் பாதிப் பொறுப்பு போகும்.

முதல் வழக்கில் நீங்கள் வாதி, நான் பிரதிவாதி. அண்ணன் இறந்ததும், மகாராஜபுரத்து மடம் மகனுக்குத்தான் என்றீர்கள். அண்ணனோடு கூட நின்று மடத்தைப் பார்த்துக்கொண்டவள் நான் என்றேன். தீர்ப்பு வரும்வரை இரண்டு தரப்பும் உள்ளே போகக் கூடாது என்று உத்தரவாகி, மலைக்கோயிலுக்குப் போகிறவர்களுக்கு நம் குடும்பம் போட்டுவந்த அமாவாசைச் சாப்பாடு நின்றது. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்களை நாம் இருவருமே, ஒருவருக்கொருவர் தெரியாமல், தள்ளி நின்று பார்த்திருக்கிறோம்.

வாய்தா நாட்களில் ராஜபாளையத்திலிருந்து இருவரும் ஏறியது ஒரே பஸ். முதலில் தள்ளித் தள்ளி உட்கார்ந்தோம். ஒரு நாள் கூட்டம். “ஏட்டி, நின்னுக்கிட்டே வந்தா கேசு ஒனக்குச் சாதகமாயிருமா? இங்கன உக்காரு” என்றீர்கள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. இறங்கியதும் நீங்கள் உங்கள் வக்கீலிடம் போனீர்கள். நான் என் வக்கீலிடம் போனேன்.

சாமி கும்பிடாதவளுக்கு அன்னதான மடம் எதற்கு என்பதுதான் உங்கள் தரப்பு வாதம். கூண்டில் நின்ற உங்களிடம் உங்கள் வக்கீல், “பிரதிவாதி திருநீறு பூசுவாரா?” என்று கேட்டார்.

“குடுத்தா காகிதத்துல மடிச்சுப் பைக்குள்ள வச்சுக்கிடுவா.”

எல்லோரும் சிரித்தார்கள். உண்மைதான், மறுக்க முடியவில்லை.

பிறகு என் வக்கீல் எழுந்தார். மடத்துப் பொறுப்பில் இருப்பவர் கடைசிப் பந்தி எழுந்த பிறகே சாப்பிட வேண்டும், அதுவரை மோர்கூடக் கிடையாது என்பது நம் வழக்கம். பிரதிவாதி அப்படி இருந்தாரா என்று கேட்டார்.

“இருந்தா. நாலு மணியானாலும் இருந்தா.”

“உங்கள் மகன்?”

உங்கள் வக்கீல் அவசரமாக எழுந்தார். நீங்கள் அவர் பக்கம் திரும்பவேயில்லை.

“அவன் பதினோரு மணிக்கே அடுக்களைக்குள்ள போயி வடைய எடுத்துருவான். பின்ன என்ன, பொய்யா சொல்லச் சொல்லுதீக?”

ஜட்ஜ் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். தீர்ப்பில் உங்களையும் என்னையும் சேர்த்து அறங்காவலர்களாக்கினார். திரும்பும் பஸ்ஸில், “ஏன் மதினி?” என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். “செத்த நேரம் தூங்க விடுட்டி” என்று கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

அதன்பின் ஒவ்வொரு அமாவாசையும் இருவரும் சேர்ந்து பசித்திருந்தோம். நமக்கு வரும்போது சாம்பாரில் காய் இருக்காது. “இதுக்குத்தானா கோர்ட்டு ஏறுனோம்?” என்பீர்கள். கடவுள் விஷயத்தில் நான் மாறவில்லை. ஆனால் அந்த நாலு மணிப் பசி எனக்குப் பழகிவிட்டது, பிடித்தும்விட்டது. நீங்கள் போன பிறகு தனியாக இலை போட்டு உட்காரும்போதும் அது குறையவில்லை. உங்களிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

உங்கள் மகன் என்பது மட்டும் தகுதியாகாது. நீங்களே சொன்னதுதான். ஆனாலும் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

இதுவரை எழுதியதற்கு மறுநாள் நடந்ததையும் இதிலேயே எழுதிவிடுகிறேன். ஜட்ஜ் லீவு, அடுத்த மாதத்துக்கு வாய்தா. வராந்தாவில் உங்கள் மகன் என்னிடம் வந்தான்.

“அத்தை, ஆட்சேபணை போடுதீகளா?”

அவன் கேட்கும்வரை எனக்கே தெரியாது. “இல்லடா” என்றேன்.

“அப்ப இந்த அமாவாசைக்கு முந்துன நாளே வந்துருதேன். காய் நறுக்க ஆள் இருக்கா?”

“இல்ல” என்றேன்.