உன் அப்பா பற்ற வைத்த அடுப்பு

சிவகாசி
புரட்டாசி, 2008

அன்பு மகள் நாகஜோதிக்கு அம்மா எழுதுவது. இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளை மாரீஸ்வரனும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று அம்மனுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்துதான் இந்தத் தாளை எடுத்தேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போன் உன் அப்பா கையில் இருக்கிறது, நான் பேசும்போது அவரும் பக்கத்திலேயே நிற்கிறார், அவரை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி எப்படிப் பேசுவது? அதனால்தான் எப்போது வருகிறாய் என்று நீ கேட்கும்போதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று சொல்லி மழுப்பினேன். நீ கோபித்துக்கொண்டு போனை வைத்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு நீ இங்கே வர வேண்டியவள், டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்ட பிறகு நான் அங்கே வருவதுதானே முறை, அது எனக்குத் தெரியாதா? பாஸ்போர்ட் வந்து பீரோவில் சேலைக்கு அடியில் தூங்குகிறது. துணி எடுக்கப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூடிவிடுவேன்.

உன் அப்பா ஒரு நாளும் போகாதே என்று சொன்னதில்லை, அப்படிச் சொன்னால் நானும் நாலு வார்த்தை பேசி மல்லுக்கு நின்றிருப்பேன். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான், 'அடுப்ப யாரு பாக்குறது?' என்பார். பகலுக்கு வெடிக் கம்பெனி வாசலில் சாப்பாடு கிடைத்துவிடும், ராத்திரிக்கு என்ன செய்வது? ஓட்டல் சாப்பாடு அவருக்கு இரண்டு நாளைக்கு மேல் ஒத்துக்கொள்ளாது, அடுத்த வீட்டில் கைநீட்டவும் மாட்டார். உனக்குத்தான் தெரியுமே, வெடிமருந்து கலக்கிறவர்கள் வேலைச் சட்டையோடு வீட்டுக்குள் வரக் கூடாது, பின்கட்டில் குளித்து மாற்றிக்கொண்டுதான் வர வேண்டும், அதற்கு முன்னால் அடுப்புப் பக்கம் போகவே கூடாது என்பது நம் தெரு முழுக்க உள்ள கட்டுப்பாடு. மற்ற வீட்டு ஆண்கள் குளித்த பிறகு உள்ளே போய் ஒரு டீயாவது போட்டுக் குடிக்கிறார்கள். இருளாண்டி மாமாவுக்கு நடந்ததற்குப் பிறகு உன் அப்பா அதுவும் செய்வதில்லை. பாவம் அந்த மனுசன், பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வெந்நீர் வைக்க அடுப்பை ஊதினார், சட்டையில் தீ பிடித்துக்கொண்டது. பிழைத்துவிட்டார், ஆனால் நெஞ்சுத் தோல் இன்றைக்கும் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அந்தத் தீயை அணைத்தவர் உன் அப்பா. அன்றிலிருந்து அடுப்படி நிலைப்படியைத் தாண்டியதில்லை, தண்ணீர் வேண்டும் என்றாலும் வெளியே நின்று கையை நீட்டுவார். குளித்தாகிவிட்டதே என்று சொன்னால் நகக்கண்ணில் அலுமினியப் பொடி வெள்ளையாக மினுங்குவதைக் காட்டுவார். பயந்த மனுசனிடம் என்ன சண்டை போடுவது சொல், கோபப்படவும் வழியில்லாமல் நான் அந்த அடுப்படிக்குள்ளேயே கிடக்கிறேன். விருதுநகரில் உன் சித்தி மகள் கல்யாணத்துக்குப் போனபோதுகூட ராத்திரிப் பந்தியில் உட்காராமல் ஓடி வந்து பஸ் பிடித்தேன், இவருக்கு இரண்டு தோசை ஊற்றுவதற்காக. எல்லாரும் கல்யாண வீட்டில் சிரித்துக்கொண்டிருக்க நான் மட்டும் பஸ்ஸில் திருத்தங்கல் தாண்டும்போது முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். இதை உன்னிடம் இப்போதுதான் சொல்கிறேன்.

ஊருக்கு வந்த பையன் மூலமாக நீ கொடுத்துவிட்ட பெட்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. நூடுல்ஸ் பாக்கெட்டும் சோயா சாஸ் பாட்டிலும் கரண்ட் கெட்டிலும் பார்த்ததும் உன் யோசனை எனக்குப் புரிந்துவிட்டது, தீ இல்லாமல் வேலை முடியும் என்றுதானே அனுப்பினாய், கெட்டிக்காரிதான். நீ போனில், வேலை விட்டு வந்து பத்து நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன், பூண்டைத் தட்டிப் போட்டு, முட்டைக்கோஸைக் கிள்ளிப் போட்டு, சாஸை ஊற்றிப் பிரட்டினால் தீர்ந்தது என்று சொன்னபடியே முதலில் நானே செய்து பார்த்தேன். பழக்கதோஷம், சோறு வடிக்கிற மாதிரி வெந்ததும் கவிழ்த்து வைத்துத் தட்டைப் போட்டு மூடிவிட்டேன், கொஞ்ச நேரத்தில் திறந்து பார்த்தால் ஒரே களி. தட்டில் வெட்டித்தான் வைக்க வேண்டியிருந்தது. உன் அப்பா விரலால் ஒன்றைப் பிய்த்துத் தூக்கிப் பார்த்து, 'இதென்ன, நம்ம வெடித் திரி மாதிரில்லா இருக்கு, திரிய யாராவது ஈரத்தோட குமிச்சு வைப்பாகளா, பரத்திப் போட்டாத்தான ஒட்டாது' என்று வியாக்கியானம் செய்தார். எனக்கு வந்த எரிச்சலில், அம்புட்டுத் தெரிஞ்சவுக நீங்களே செய்யுங்களேன் என்று சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை, சரி கத்துக் குடு என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

போன செவ்வாய்க்கிழமை கெட்டிலை அடுப்படியில் வைக்காமல் நடுவீட்டில் ஸ்டூல் போட்டு வைத்தேன். அவர் குளித்து வந்து உட்கார்ந்து, மருந்து அளக்கிற கவனத்தோடு தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டார். போட்ட கையோடு கரண்ட் போய்விட்டது. இங்கே இப்போது கரண்ட் எப்போது போகிறது எப்போது வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை, பிரஸ்காரர்கள் காலண்டர் ஆர்டரை வைத்துக்கொண்டு விழிபிதுங்கி நிற்கிறார்கள். இருட்டில் இரண்டு பேரும் அந்தக் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வழக்கம்போல நான் எழுந்திருக்கப் போனேன், தோசை மாவு இருந்தது. எழுந்தவள் என்ன நினைத்தேனோ மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு முடியலைங்க, நான் இன்னைக்கு அடுப்படிக்குள்ள போக மாட்டேன், நம்ம பிள்ளை அங்கன தனியாக் கெடக்கா என்று சொன்னேன்.  அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். மறுபடியும் தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்டது. வந்தார் பார், சட்டை இல்லாமல், இடுப்பில் ஈர வேட்டியும் தோளில் ஈரத் துண்டுமாக. நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு நிலைப்படியில் நின்றேன், அவர் உள்ளே போனார். அது எனக்கே புதுசாக இருந்தது தாயி, நான் வெளியே, அவர் உள்ளே.

ஊருக்கெல்லாம் வெடி செய்து லோடு லோடாக அனுப்புகிற மனுசனுக்குத் தீக்குச்சி கிழிக்க வரவில்லை. ஈரக் கையில் குச்சி ஒடிந்தது, இன்னொன்று பற்றி அணைந்தது. அதற்குள் கேஸ் அடுப்பைத் திருகிவிட்டுப் பெட்டியைத் துழாவினார், எனக்கு உயிரே போய்விட்டது, 'அடைங்க, மொதல்ல அடைங்க, குச்சியப் பத்த வச்சிட்டுத் திருகுங்க' என்று கத்தினேன். உள்ளே ஓடிப்போய்ப் பிடுங்கிவிடலாமா என்று கால் துடித்தது. போகவில்லை. அடுப்பை அடைத்து, ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, கேஸ் வாடை போகிற வரைக்கும் நின்றார், பிறகு கையை எட்ட நீட்டி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பற்ற வைத்தார். நீலமாக எரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் சின்ன விஷயம். வெந்ததை வடித்து, பெரிய தாம்பாளத்தில் ஒட்டாமல் பரத்தி, நல்லெண்ணெய் விட்டு, பூண்டு வதக்கி, சாஸையும் ஊற்றி, அதில் உப்பு இருப்பது தெரியாமல் உப்பையும் அள்ளிப் போட்டுப் பிரட்டினார். தட்டில் போட்டு முதலில் என்னிடம் நீட்டினார். கல்யாணம் ஆகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒரு தட்டுச் சாப்பாடு என் கைக்கு வந்தது அன்றைக்குத்தான். வாயில் வைக்க முடியாத உப்பு, ஒன்றும் சொல்லாமல் வழித்துத் தின்றேன்.

மறுநாள் காலையில் வேன் வந்து ஹாரன் அடிக்கிறது, செருப்பை மாட்டிக்கொண்டே, 'அந்தத் திரி பாக்கெட்டு இன்னும் எம்புட்டு இருக்கு?' என்று கேட்டார். கொஞ்சம்தான் இருக்கிறது என்றேன். 'அது பத்தாதுல்லா, நீ போய்ட்டு வர ரெண்டு மாசம் ஆகுமே, கடையில கெடைக்குமான்னு கேட்டு வை' என்று சொல்லிவிட்டு விஸ்வநத்தம் கம்பெனி வேனில் ஏறிப் போய்விட்டார். வேன் முக்குத் திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும், ஆனால் உண்மையைச் சொன்னால் பயம்தான் வந்தது. அடுப்பை அடைக்க மறந்துவிட்டால், களைப்பில் குளிக்காமல் உள்ளே போய்விட்டால் என்று பகல் முழுக்க அந்த அடுப்படியிலேயே உட்கார்ந்திருந்தேன். வெளியே போக இத்தனை காலம் தவித்துவிட்டு, கதவு திறந்ததும் நான்தான் நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதற்குப் பிறகு தினமும் அவரே பற்ற வைக்கிறார், நான் டார்ச்சோடு நிற்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்கிறேன்.

கார்த்திகையில் டிக்கெட் போடு தாயி. என் மனசு மாறுவதற்குள் போட்டுவிடு. வரும்போது உனக்குப் பிள்ளை பெற்ற பிறகு தின்னக் காயப்பொடியும் பூண்டு லேகியமும் கொண்டு வருகிறேன், கனமானதைத் தூக்காதே, நடக்கும்போது பார்த்து நட. நீ மஞ்சள் குங்குமத்தோடும் பிள்ளை நீண்ட ஆயுளோடும் மனம்போல் வாழ வேண்டும். ஒன்று மட்டும் மறக்காதே. வயிற்றுப் பிள்ளையோடு வேலை விட்டு வந்து நீதான் நின்றுகொண்டு நூடுல்ஸ் கிண்டுகிறாய், மாப்பிள்ளை டிவி பார்க்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொன்னாயே, எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் வருவதற்குள் அவரை அடுப்படிக்குள் கூப்பிடு. மாப்பிள்ளை கையில் மருந்து ஒன்றும் இல்லை.

இப்படிக்கு
உன் பெட்டியைப் பார்த்துச் சிரித்த, பிறகு அழுத
அம்மா
ச. குருவம்மாள்