கடைசிக் கம்பத்துக் கரண்ட்

நவம்பர் 18, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். மலை பாதிக்கு மேல் காணோம். துவைத்த புடவைகள் கூடத்துக் கொடியில், வீடு முழுக்க ஈர வாடை. பி.பி. மாத்திரை தீர்ந்தது, வாங்க வேண்டும்.

துணி அலசிய தண்ணீரைக் கொட்டப் பின்பக்கம் போனேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் விடுதி. அவருடைய வாட்ச்மேன் பச்சையப்பன், புதிதாக வேலைக்கு வந்த ஆளுக்கு ஜெனரேட்டர் போடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான்.

"இந்த வயருக்கு ரெண்டு பக்கமும் பிளக்கு. ஒண்ணை ஜெனரேட்டர்ல சொருவு, இன்னொண்ணை செவுத்துல சொருவு. வூடு பூரா எரியும்."

"மெயினை ஆஃப் பண்ண வேணாமாண்ணே?"

"மெயினு எங்க கீது தெரியுமா? ஒண்ணாம் நம்பர் ரூம் உள்ள. வெள்ளக்காரம்மா கண்ண மூடி உக்காந்துனு கீது. கதவைத் தட்னா முதலாளி என்னத் தட்டுவாரு. இஞ்சின் திணறுனா மட்டும் போய்த் தட்டு. திணறலியா, உட்டுடு."

"திடீர்னு கரண்ட் வந்துட்டா ஜெனரேட்டர் புகைஞ்சிடாது?"

"தெரு பூரா கட்டுன்னா இஞ்சின் தானா திணறும். நம்ம கம்பத்துல மட்டும் வேலைன்னாதான் திணறாது. அப்போ ஒண்ணும் பயம் இல்ல. கம்பத்துல ஆள் நிக்கிற வரைக்கும் கரண்ட் வராதுல்ல? ஆளு எறங்கனா நிறுத்திடு. அன்னிக்கு மணி ஏறனப்பகூட அப்படித்தான் போட்டேன்."

வாளி கையில். எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. மணி என் தம்பி.

மாத்திரை வாங்க மறந்தேன்.

நவம்பர் 19, புதன்

தூக்கம் இல்லை. எழுதினால் ஒழுங்குபடும்.

ஆடி மாதத்தில் நடந்தது. எங்கள் தெருவின் கடைசிக் கம்பம், அதிலிருந்து கரண்ட் போவது இரண்டே கட்டடங்களுக்கு: என் வீடு, ஏகாம்பரத்தின் விடுதி. கம்பி சரிசெய்ய மணி வந்தான். லைன்மேன் வேலையில் தலை நரைத்தவன். முந்தைய கம்பத்திலிருந்து வரும் இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினான். செத்துப்போன கம்பி என்று நம்பித் தொட்டான். தூக்கி எறிந்தது. வலது கையில் இரண்டு விரல் இல்லை, மற்றவை மடங்காது.

விசாரணையில் ஏகாம்பரம் எழுதிக் கொடுத்தது: "என் ஜெனரேட்டர் கரண்ட் என் வீட்டுச் சுவரைத் தாண்டாது. மேற்படி ஆள் குடித்திருந்தார்." மணி கல்யாண வீட்டுப் பன்னீர் சோடாவைக்கூட முகர்ந்து பார்த்துக் குடிப்பவன். ஆனால் சொல் பரவிவிட்டது. முனை டீக்கடையில் அவன் போனால் பேச்சு நிற்கிறது. வேலையிலிருந்து நிறுத்திவைத்திருக்கிறார்கள். மாதக் கடைசியில் முடிவு. "போதையில் ஏறினான்" என்று முடித்தால் வேலையும் போயிற்று, பெயரும் போயிற்று.

அன்று நான் ரேஷன் கடையில். பூட்டிய வீட்டில் விசிறி சுற்றியிருந்தாலும் பார்க்க ஆள் இல்லை.

வகுப்பில் சொல்வதுபோல் சொல்லிப் பார்க்கிறேன். ஒரு நாற்காலி, உட்கார இரண்டு பேர். ஒருவர் எழுந்தால்தான் இன்னொருவர் உட்காரலாம். வீடு என்பது அந்த நாற்காலி. தெருக் கரண்ட் ஒருவர், ஜெனரேட்டர் ஒருவர். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் என்று ஒன்று உண்டு. கைப்பிடி மேலே இருந்தால் தெருக் கரண்ட், கீழே இருந்தால் ஜெனரேட்டர். இரண்டும் சேர வழியே கிடையாது. அது இல்லாமல், மெயினையும் அணைக்காமல் சுவரில் சொருகினால், ஜெனரேட்டரின் கரண்ட் மெயின் வழியாகப் பின்னோக்கி நடந்து தெருக் கம்பிக்குப் போகும். தெரு முழுவதும் இருட்டு என்றால் அத்தனை வீடும் இழுக்கும், இஞ்சின் திணறும். கடைசிக் கம்பத்தை மட்டும் பிரித்திருந்தால் இழுக்க என் வீடு ஒன்றுதான். திணறாது. கம்பத்தில் நிற்பவனுக்குத்தான் சாவு.

போன தையிலேயே ஏகாம்பரத்திடம் போய்ச் சொன்னேன், நாற்காலி உதாரணத்தோடு. சிரித்தார். "டீச்சரம்மா, நீங்க ரிடையர் ஆயிட்டீங்க. உங்க வாய் இன்னும் ஆவல."

ஆகவில்லை. ஆகாது.

சாயங்காலம் மணியிடம் சொன்னேன், பச்சையப்பன் பேசியதை அப்படியே. இடது கையால் சோறு பிசைந்துகொண்டிருந்தான். நிறுத்தினான்.

"நான் மேல நிக்கறது தெரிஞ்சா போட்டாங்க?"

"தெரிஞ்சுதான். நீ எறங்கறதுதான் அவங்களுக்கு சிக்னல்."

தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு, "வுடுக்கா. யாரு நம்புவாங்க?"

விடுவதாக இல்லை.

நவம்பர் 20, வியாழன்

மழை விட்டது. மாத்திரை, அரை கிலோ வேர்க்கடலை, அகல் விளக்குக்குத் திரி.

கெட்ட யோசனைகள். ஜெனரேட்டர் டீசலில் சர்க்கரை கொட்டலாமா? சர்க்கரை வீண். அவர் விடுதி வாசலில் மண் வாரித் தூற்றலாமா? முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளைக் கை ஓங்காமல் மேய்த்தவள், இப்போது பச்சை மிளகாய் நறுக்கும்போதெல்லாம் ஏகாம்பரத்தின் மூக்கு ஞாபகம். பொடிப்பொடியாக நறுக்கினேன். சாம்பாரில் காரம் ஜாஸ்தி.

நான்கு கடை தேடி அந்த இரட்டை பிளக் வயர் எப்படி என்று பார்த்தேன். கடைக்காரர், "அதெல்லாம் ரெடிமேடா வராதும்மா. ஆளுங்களே செஞ்சிக்கறதுதான்" என்றார். ஒரு முனையைச் சொருகினால் மறுமுனையின் பித்தளைக் கால்கள் வெளியே நீட்டியபடி, உயிரோடு. பாம்பைத் தலையைப் பிடிக்காமல் வாலைப் பிடித்துத் தூக்குகிற மாதிரி.

நவம்பர் 21, வெள்ளி

கரண்ட் ஆபீஸ். ஜே.இ., அதாவது ஜூனியர் இன்ஜினியர், இளவயதுக்காரர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போடச் சொன்னார்.

"டீச்சர், சுவருக்கு அந்தப் பக்கம் பேசினதுன்னு நீங்க சொல்றீங்க. பச்சையப்பன் இல்லன்னுடுவான். எழுத முடியாது."

"கண்ணால பாத்தா எழுதுவீங்களா சார்?"

"பாத்தா எழுதாம என்ன?"

கார்த்திகை தீபத்துக்கு முன்னால் கம்பம் கம்பமாகப் பராமரிப்பு நடக்கிறது. எங்கள் கடைசிக் கம்பத்துக்கு வரும் செவ்வாய். அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று. வேலை நடக்கிற மாதிரித் தெரிய ஏணி சாத்தியிருக்கட்டும், இடுப்புவார் ஏணியில் தொங்கட்டும், ஆனால் ஒருவரும் ஏறக்கூடாது. இணைப்பைக் கழற்றியதும் எல்லாரும் இறங்கி வேப்ப மரத்தடிக்குப் போய்விட வேண்டும். ஜே.இ. என் வீட்டில் காபி சாப்பிட வேண்டும்.

"காபிக்கா கூப்புடறீங்க?"

"காபிக்குத்தான் சார். கொஞ்சம் வெளிச்சமும் உண்டு."

யோசித்தார். சரி என்றார்.

நவம்பர் 24, திங்கள்

அரிசி, உளுந்து ஊறப்போட எடுத்துவைத்தேன். மணி கேட்டான், "நாளைக்கு கரண்ட் இருக்காதே, எதுக்கு?"

"இருக்கும்."

இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சுட வைக்கும் ஹீட்டர் கம்பி, எல்லாம் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டேன். கூடத்துக் குண்டு பல்பைத் துடைத்தேன். மனது பரீட்சைக்கு முந்தின நாள் மாதிரி. ஏகாம்பரம் வாசலில் புதுப் போர்டுக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார், 'தீபத்துக்கு அறைகள் கிடைக்கும்'. என்னைப் பார்த்து, "இன்னா டீச்சரம்மா, தம்பி எழுந்து நடமாடறாரா? இப்பவாவது வுட்டுட்டாரா?" என்று கட்டை விரலை வாயருகே கவிழ்த்துக் காட்டினார்.

நான் சிரித்தேன். நாளைக்காகச் சிரித்தேன்.

நவம்பர் 25, செவ்வாய்

எழுத்து கோணல்.

ஆட்கள் வந்தார்கள், இணைப்பைக் கழற்றினார்கள், இறங்கினார்கள். என் விசிறி நின்றது. ஏணி சாத்தியபடி. மணி வாசல் கேட்டில் நின்று ஏணியைப் பார்த்துக்கொண்டிருந்தான், யாரும் கிட்டப் போகாமல். ஜே.இ. கூடத்தில். காபியில் அவருக்குச் சர்க்கரை கம்மி.

பக்கத்தில் ஜெனரேட்டர் முக்கிக் கிளம்பியது.

குண்டு பல்பு எரிந்தது. விசிறி சுற்றியது.

ஜே.இ. கையில் டம்ளர் பாதி வழியில் நின்றது. முதலில் கேட்டது, "மேல யாரும் இல்லையே?"

வெளியிலிருந்து மணி: "ஒருத்தரும் இல்ல சார். எல்லாரும் மரத்தடியில."

ஜே.இ. மீட்டர் அருகில் போய் டெஸ்டர் வைத்துப் பார்த்தார். விளக்கு. திரும்பி என்னைப் பார்த்தார். "இந்தக் கம்பியிலதான் மணி கை வச்சாரா?"

சாட்சி கிடைத்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். எனக்கு நிறுத்த மனம் வரவில்லை. கிரைண்டரைப் போட்டேன். இஸ்திரிப் பெட்டியைப் போட்டேன். வாளியில் ஹீட்டர் கம்பி. பல்பு மஞ்சளாகிச் சிவந்தது. அந்தப் பக்கம் இஞ்சின் ஆஸ்துமாக்காரர் மாடி ஏறுவதுபோல் இழுத்தது.

"டீச்சர், போதும்..."

"இருங்க சார், உளுந்து இன்னும் மசியல."

ஒரு கமறல், கரும்புகை, நிசப்தம். அப்புறம் செருப்புச் சத்தம். ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டியபடி கேட்டில், பின்னால் பச்சையப்பன். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள்.

"இன்னாம்மா இது? கம்பத்துல கரண்ட் இல்ல, உன் வூட்ல மட்டும் லைட்டு எரிஞ்சிது, கிரைண்டர் ஓடிச்சி! என் ஜெனரேட்டர்லருந்து இழுக்கறியா? டீசல் ஊத்தறவன் நானு, மாவாட்டறது நீயா? படிச்சவ செய்யற வேலையா இது? திருட்டுக் கரண்ட்டு!"

"உங்க கரண்ட் உங்க சுவரைத் தாண்டாதுன்னு எழுதிக் கொடுத்தீங்களே. எங்க வீட்டுக்கு எப்படி வந்துச்சு?"

"எப்படி வரும்? கம்பி வழியாத்தான் வரும்! என் மெயினுலருந்து இந்தக் கம்பத்துக்குப் போயி, கம்பத்துலருந்து உன் வூட்டுக்கு..."

விரல் நீட்டியபடி கம்பத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஜே.இ. கூடத்திலிருந்து வாசலுக்கு வந்தார். ஏகாம்பரத்தின் விரல் இறங்கவில்லை. இறக்க மறந்துவிட்டது.

பச்சையப்பன் மெல்லச் சொன்னான்: "மொதலாளி, வாய மூடுங்க."

மணி கேட்டைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான்.

உளுந்து பாதி அரைத்தபடி நின்றது. ஆட்டுக்கல்லில் போட்டு முடித்தேன். மாவு புளிக்கவில்லை, இட்லி கல் மாதிரி. மணி அதிலும் ஏழு சாப்பிட்டான்.

நவம்பர் 27, வியாழன்

விடுதி இணைப்பைத் துண்டித்துவிட்டார்கள். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் வைத்து, மெயின் போர்டை அறையிலிருந்து வெளியே மாற்றிக் காட்டும்வரை கிடையாது. ஜே.இ. தான் பார்த்ததை எழுதி மேலே அனுப்பிவிட்டார். விசாரணை முடியும்வரை மணிக்கு ஆபீசில் உட்கார்ந்து பார்க்கும் வேலை.

காலையில் விடுதி வாசலில் ஆட்டோக்கள். பெட்டி பெட்டியாக இறங்கிப் போனார்கள். காபியோடு ஜன்னலில் நின்று முழுவதும் பார்த்தேன். இரண்டாம் டம்ளரும் போட்டுக்கொண்டேன்.

ஒண்ணாம் நம்பர் வெள்ளைக்காரம்மா மட்டும் தண்ணீர் கேட்டு வந்தாள். கொடுத்தேன். அவள்மேல் என்ன கோபம்.

டிசம்பர் 1, திங்கள்

வெயில். புடவைகள் மொட்டை மாடியில்.

ஏகாம்பரம் வந்தார். சட்டை போட்டு, தலை வாரி. "டீச்சரம்மா, எல்லாம் மாத்திட்டேன். ஆபீஸ்லருந்து ஆள் பாத்து சரின்னா கொடுத்துடுவாங்க. மணியத்தான் அனுப்பறாங்களாம். கொடியேத்தம் முடிஞ்சி தீபமே வந்துடுச்சு. ரூமெல்லாம் காலி. நீங்க ஒரு வார்த்தை..."

மணி வந்தான். கைப்பிடியை இடது கையால் மேலே தள்ளினான், நடுவில் நிறுத்தினான், கீழே இறக்கினான். ஜெனரேட்டர் ஓடும்போது கம்பத்துப் பக்கம் டெஸ்டர் வைத்துப் பார்த்தான். விளக்கு இல்லை. போர்டு வெளியே, கைக்கு எட்டும் உயரத்தில். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. தேடினேன், எனக்கும் கிடைக்கவில்லை.

"சரியா இருக்குக்கா. ஆளுங்களைக் கூப்ட்டு இணைக்கச் சொல்லிடட்டுமா?"

"இரு." ஏகாம்பரத்திடம் சொன்னேன், "வாங்க, டீ சாப்பிடலாம்."

முனை டீக்கடை. அங்கே என்ன சொன்னால் இணைப்பு வரும் என்று வழியிலேயே சொல்லிவிட்டேன். பெஞ்சு நிறைய ஆள். எங்கள் மூவரையும் பார்த்ததும் பேச்சு நின்றது. ஏகாம்பரம் தரையைப் பார்த்துச் சொன்னார், "மணி குடிக்கல."

"பாதி பதில். பாதி பதிலுக்கு நான் மார்க் போடறதில்ல."

கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "மணி குடிக்கல. அவரு கம்பத்துல நிக்கறது தெரிஞ்சேதான் ஜெனரேட்டர் போட்டோம். கரண்ட்டு எங்க வூட்லருந்துதான் போச்சு. நான் எழுதிக் கொடுத்தது பொய்."

டீ ஆற்றுகிறவரின் கை நின்றது. மணி என் முழங்கையைத் தொட்டான். "போதுங்க்கா."

எனக்குப் போதவில்லை.

"பஸ் போன சத்தத்துல பின் பெஞ்சுக்குக் கேக்கல," என்றேன். "இன்னொரு தரம் சொல்லுங்க."