பொட்டு வைத்த ஆம்ப்

சுவிட்சைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாடை வந்தது. உன் வாடைதான். கோபம் பற்றிக்கொண்டு வந்தது எனக்கு.

போளூரில் பழைய சாமான் கடையில் கிடந்தது, உன் கிட்டாருக்குச் சத்தம் கொடுத்த இந்தச் சின்ன வால்வு ஆம்ப். ரிப்பேர் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். சத்தம் கூட்டும் குமிழுக்குப் பக்கத்தில் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு. பார்த்ததும் பேரம் பேசாமல் வாங்கிவிட்டேன். உன் வீட்டுக்காரி ஒட்டியதல்லவா? அதைத் தாண்டிக் கூட்டினால் அன்றைக்குச் சோறு கிடையாது என்பாளே.

உன் தம்பிக்குப் போன் போட்டுக் கத்தினேன். "போட்டுப் பாத்தேண்ணா, சத்தமே வரல. போச்சுன்னு குட்த்துட்டேன்" என்கிறான். இத்தனை வருஷம் உன் கூடவே இருந்தவனுக்கு, வால்வு சூடாக ஒரு நிமிஷம் காத்திருக்கணும் என்பது தெரியவில்லை. அதிலும் நம் மலையில் வரும் லோ வோல்டேஜ் கரண்டுக்கு இரண்டு நிமிஷம் ஆகும்.

நீ காத்திருப்பாய். திருவிழா மேடையில் கூட்டம் விசிலடிக்கும். தபேலாவோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு வியர்த்துக் கொட்டும். நீ கையைக் கட்டிக்கொண்டு ஆம்ப்பையே பார்த்துக்கொண்டிருப்பாய். "இர்றா, சூடாவட்டும். அதுக்குள்ள இன்னா அவசரம்?" என்பாய்.

அந்தப் பொறுமை அன்றைக்கு எங்கேடா போச்சு? நெஞ்சை அடைக்கிறது என்று நீதானே போன் செய்தாய்? "அங்கயே குந்து. கார எடுத்துக்கினு வர்றேன்" என்றேன். அரை மணி நேரம்தான் கேட்டேன். "நீ வர்றதுக்குள்ள நானே ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு வந்துருவேன்" என்று வண்டியை எடுத்துவிட்டாய். உன் வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியபோது உன் வீட்டுக்காரி மட்டும்தான் நின்றிருந்தாள். மூன்றாவது வளைவில் உன் வண்டி சாய்ந்து கிடந்தது. புளியமரத்தடியில் நீ.

தம்பியைத் திட்டி என்ன ஆகப்போகிறது? காத்திருக்காமல் அவன் கொடுத்தது ஒரு பெட்டியைத்தான்.

உன் வீட்டுக்காரியிடம் ஆம்ப்பைக் கொண்டுபோனேன். தொட்டுப் பார்த்தாள். அது பாடாமல் வூட்டில் கிடந்தால் எனக்குத் தாங்காது, நீங்களே வச்சிக்குங்க என்றாள். உன் கிட்டாரையும் எடுத்துக் கொடுத்தாள்.

எனக்குக் கிட்டாரில் நாலு கார்டு பிடிக்கத்தான் தெரியும். தினமும் சுவிட்சைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். வால்வு சிவக்கும்வரை உன்னை வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன். அப்புறம் வாசிக்கிறேன். பொட்டைத் தாண்டிக் கூட்டுவதில்லை.