மூன்றாவது இழுகம்பி

ஜூன் 10, திங்கள்
விடியலிலிருந்து மழை. தேயிலை ஃபாக்டரி மோட்டார் வேலையை விட்டுவிட்டு வயர்லஸ் கட்டச் சொல்லி தோட்டத்துத் துரை உத்தரவு. மேல்பிரிவு லயத்து வீடுகளிலிருந்து கீழே டிஸ்பென்சரி வரை. வெள்ளிக்குள் பேச வேண்டுமாம். போன வருஷம் இந்த அவசரம் எங்கே போயிருந்தது? என் பெண்சாதி செல்லத்துக்குப் பிரசவ வலி கண்டபோது அவள் தம்பி முருகேசுதான் நாலு மைல் மழையில் ஓடிப்போய்ச் சொன்னான். லாரி வருவதற்குள் தாயும் போய் பிள்ளையும் போயிற்று.
வேண்டியது: கம்பத்துக்குக் குழாய், அது சாயாமல் இழுத்துக்கட்ட இழுகம்பி 3, கம்பி நுனிக்கு முளை 3, தார், பீடி.

ஜூன் 11, செவ்வாய்
ஏரியல் இரண்டு வகை. ஒற்றைக் குச்சி நாலு பக்கமும் பேசும், தூரம் எட்டாது. மீன்முள் மாதிரி இருப்பது ஒரே பக்கம் பேசும், நன்றாக எட்டும். மீன்முள்தான். டிஸ்பென்சரி காதில் விழுந்தால் போதும்.
கம்பத்துக்கு இடம் பார்த்தேன். லயத்தடி: பாறை மறைக்கிறது. கொழுந்து நிறுக்கிற மடுவம்: வெறும் இரைச்சல். கால் முழுக்க அட்டை.

ஜூன் 12, புதன்
மூடுபனி. மயான மேட்டில் மட்டும் தெளிவாகக் கேட்கிறது. கம்பம் நட அங்கேயும் ஒரே இடம்தான். மூன்றாவது முளை செல்லத்தின் குழித் தலைமாட்டில் விழுகிறது. இரண்டு தரம் அளந்தேன். சனியன் பிடித்த நாடா.
முருகேசு கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டான். "அக்கா தலையிலயா அடிக்கப் போறீங்க மச்சான்? ரெண்டடி தள்ளி அடிங்களேன்."
தள்ளினால் பாறை. முளை இறங்காது.

ஜூன் 13, வியாழன்
வேலை ஓடவில்லை. சோறும் இறங்கவில்லை. மேட்டில் போய் உட்கார்ந்து அவளிடம் கேட்டேன். அழுதேன். வரும்போது தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் யாரோ: "நம்ம லயத்து ராசாத்திக்கு ஏழு மாசமாம்டி. இந்த மழைல எப்பிடி கீழ எறக்குவாங்களோ."

ஜூன் 14, வெள்ளி
முளையை நானே அடித்தேன். முருகேசு முகத்தைத் திருப்பிக்கொண்டு பிடித்தான். பன்னிரண்டு சம்மட்டி அடி. கம்பம் அசையவில்லை.
மூன்று மணிக்குக் கூப்பிட்டேன். டிஸ்பென்சர் ஐயா குரல், பக்கத்தில் நிற்கிற மாதிரி. "நல்லா கேக்குதப்பா. யாருக்கு என்ன? சொல்லு, இப்பவே லாரி அனுப்புறேன்."
முருகேசு என்னைப் பார்த்தான்.
"யாருக்கும் ஒண்ணுமில்லீங்க ஐயா. சும்மாதான் கூப்பிட்டேன்."