பாலம் ஏறாத வண்டி

ஜெரி அண்ணா,

ஒரு வாரமாக நம் பைக் இரண்டு தண்ணீர் கேனோடு கொருக்குப்பேட்டை பாலம் ஏற மறுத்தது. பிளக்கைத் துடைத்தேன், கிளட்ச் கேபிளைச் சரிசெய்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. இன்று காலை பாலத்தின் நடுவே வண்டி நின்று பின்னால் உருண்டது. பின்னே கன்டெய்னர் லாரி. டிரைவர் தலையை நீட்டி, "இன்னாமா, மேல போறியா, என் மேல வர்றியா?" என்றான். செத்திருப்பேன், அண்ணா.

வீட்டுக்கு வந்து இன்ஜின் பக்க மூடியைக் கழற்றினேன். உள்ளே செயினை இழுக்கும் பல்சக்கரம், அந்த முன் ஸ்பிராக்கெட், புதுசு; பதினாறு பல். பழையதில் பதினாலு. ஞாயிற்றுக்கிழமை பழவேற்காடு ரோட்டில் பறப்பதற்காக மாற்றியிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

முன்னால் பல் கூடினால், இன்ஜின் ஒருமுறை சுற்றும்போது பின்சக்கரம் கூடுதல் தூரம் உருளும். வேகம் கிடைக்கும், இழுவை குறையும். காலி ரோட்டில் தனியாகப் போகிற உனக்கு அது சரி. நாற்பது கிலோவோடு மேடேறுகிற எனக்கு இழுவைதான் வேண்டும். இதைக் கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன்.

வண்டியையும் சாவியையும் எடுத்துப் போகிறேன், தேடாதே. சட்டியில் நெத்திலிக் குழம்பு இருக்கிறது, சூடுபண்ணிச் சாப்பிடு. சாயங்காலம் என்னிடம் பேச வராதே.

ஹெப்சிபா

பி.கு.: உன் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்த பழைய ஸ்பிராக்கெட்டை மாட்டி, இரண்டு கேனோடு ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமானால் பதினைந்து பல் வாங்கிப் போட்டுக்கொள், அன்று இரவே கழற்றிவிடு. மற்ற நாளெல்லாம் பதினாலு. அதில் வண்டி பாலம் ஏறுகிறது.