பிந்தி வரும் நாட்கள்

1938 மார்ச் 8, செவ்வாய்

இன்று ஒரு காணி உறுதியில் வாங்குபவர் பெயர் வரவேண்டிய இடத்தில் விற்பவர் பெயரை எழுதிவிட்டேன். உறுதி முடிக்கும் என் முதலாளி நொத்தாரிசு பஞ்சலிங்கம் ஏசவில்லை. என் கையைப் பார்த்தார். "மார்க்கண்டு, உமக்கு ஏதும் வருத்தமோ?" என்றார். இல்லை என்றேன்.

கந்தோர் விடும் நேரம் நெருங்கினாலே கை நடுங்குகிறது, நெஞ்சை அடைக்கிறது. வேலையை முடிக்காமல் எழும்பவும் ஏலாது, பிந்திப் போகவும் ஏலாது. பிந்தினால் என் மனுசி ஞானம் வாசல் படலையில் நிற்பாள்.

மார்ச் 11

பிந்திவிட்டேன். சாவகச்சேரிச் சந்தையில் கத்தரிக்காய் வாங்க நின்றதுதான். "உங்கடை அம்மாவிட்டைப் போட்டு வாறியளோ?" என்று கேட்டாள். இல்லை என்று எத்தனை தரம் சொன்னேன்! அடுப்பு மூட்டவில்லை. கத்தரிக்காய் பையோடு கிடக்கிறது.

அவளைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எனக்காக வல்வெட்டித்துறையையும் பாய்க்கப்பலோட்டும் தகப்பனையும் விட்டு வந்தவள். இங்கே என் ஆட்கள் சாதி பார்த்து எங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. கலியாண எழுத்து நடந்து ஒரு வருசமாகியும், அம்மா எனக்கு வேறு பெண் பார்ப்பதாகச் சொல்லித் திரிகிறா. அது ஞானத்தின் காதில் விழுந்த நாளிலிருந்துதான் இந்தக் கேள்வி.

மார்ச் 15

எங்கள் ஊர்ச் சிநேகிதன் தேவராசாவைக் கண்டு ஒரு தேத்தண்ணி குடித்தேன். கந்தோரில் வேலை கூட என்று வீட்டில் சொன்னேன். தேத்தண்ணி குடித்ததற்கு ஏன் பொய்? உண்மையைச் சொன்னால், அவனை அம்மா அனுப்பினாவோ என்பாள். பொய் சொன்னால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். எதைத்தான் சொல்ல?

மார்ச் 23

அம்மாவுக்குக் கடும் காய்ச்சல் என்று ஆள் வந்தது. போனேன். ஞானத்திடம் சொல்லவில்லை. அம்மா என் கன்னத்தைத் தடவி, மெலிந்துபோனாய் என்று அழுதா. பெண் கதை எடுத்ததும் எழும்பி வந்துவிட்டேன். அதையாவது ஞானத்திடம் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 24

கடைக்காரத் தம்பிஐயா அவளிடமே கேட்டிருக்கிறார், மாமிக்கு இப்போது சுகமோ என்று.

நான் வரும்போது கிணற்றுக்கட்டில் ஏறி நின்றாள். "போறதெண்டால் சொல்லிப்போட்டுப் போங்கோ. நான் என்ரை வழியைப் பாக்கிறன்."

கையைப் பிடித்து இறக்கினேன். பிறகு எனக்கு மூச்சு வரவில்லை. நிலத்தில் இருந்துவிட்டேன். செத்துப்போறன், இதுதான் சாவு — அப்படித்தான் நினைத்தேன். அவள் அழுகையை விட்டு என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மார்ச் 26

ஆஸ்பத்திரிக்குப் போனேன். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்த டாக்குத்தர், இருதயத்தில் ஒரு பிழையும் இல்லை என்றார். "வீட்டிலை ஏதும் கரைச்சலோ?"

என்ன சொல்ல? ஊரை எதிர்த்து, விரும்பிக் கட்டினவர்கள் என்றா?

மார்ச் 30

இன்றும் நித்திரை இல்லை. அவளும் கண்ணை மூடிக்கொண்டு முழித்துத்தான் கிடந்தாள்.

ஏப்ரல் 2

வல்வெட்டித்துறையிலிருந்து அவள் தாய் வரச்சொல்லி அனுப்பியிருக்கிறா. கோபம் ஆறிவிட்டதாம். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வாறன் என்று ஞானம் சொன்னாள். பஸ் ஏற்றிவிட்டேன். "வந்து கூட்டிக்கொண்டு போவியள்தானே?" என்றாள். ஓம் என்றேன்.

ஏப்ரல் 5

நித்திரை கொண்டேன். சோறு இறங்குகிறது. என்ன மனுசன் நான்? அவள் இல்லாத வீட்டிலா எனக்கு ஆறுதல்? அழுகை வருகிறது. அழுதுவிட்டு மறுபடி நித்திரை கொள்கிறேன்.

ஏப்ரல் 17, ஞாயிறு

அவளைக் கூட்டிவரப் போனேன். வேலிக்கு இப்பாலே அவள் சிரிப்புக் கேட்டது. முற்றத்தில் தங்கைக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்து, கன்னத்தில் சதை வைத்திருந்தது. நான் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்!

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. சீப்புப் பிடித்த கை நெஞ்சுக்குப் போனது.

"கூட்டிக்கொண்டு போகவோ வந்தனீங்கள்?"

இல்லை, பார்த்துவிட்டுப் போகத்தான் என்றேன். அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

மீன்குழம்பு விட்டுச் சோறு போட்டாள். மறுசோறும் வாங்கிச் சாப்பிட்டேன். பின்னேர பஸ்ஸில் தனியே வந்தேன். இனி எப்போது வருவீர்கள் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.