மணிக்கட்டு சொன்ன வயது

மாணவியர் விடுதி,
ராமநாதபுரம்,
4.8.2025

அன்புள்ள அய்யாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது வார்டன் பக்கத்திலேயே நின்றார். அதனால்தான் எழுதுகிறேன். மாநிலப் போட்டியில் என்னை ஓட விடவில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான ஓட்டம் என்பதால் எல்லாருக்கும் இடது மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டரம்மா என் படத்தைக் காட்டி, "வளர்ற பிள்ளைக்கு எலும்பு நுனியில ஒரு இருட்டுக் கோடு தெரியும். வளர்ந்து முடிஞ்சா எலும்பு ஒட்டி, கோடு மறைஞ்சிரும். உனக்குக் கோடே இல்லம்மா" என்றார்.

எனக்குப் பதினைந்துதான் என்று சான்றிதழைக் காட்டினேன். ஒருவரும் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது கோச் பால்சாமி சார் என்னை விட்டுத் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டார். நான் பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டை உடனே அனுப்புங்கள்.

உங்கள் மகள்,
ஜோதிகா

நயினார்கோவில்,
9.8.2025

அன்பு மகள் ஜோதிகாவுக்கு,

நாங்கள் நலம். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கிறது. மழைதான் இல்லை. மெஷின் தப்பாகக் காட்டுவதும் உண்டு தாயி, மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதே. உன் அம்மாவும் சின்ன வயதிலேயே வளர்த்தியாக இருந்தவள்தான். சீட்டைத் தேடிக்கொண்டிருக்கிறோம். நேரத்துக்குச் சாப்பிடு.

அய்யா,
இருளாண்டி

ராமநாதபுரம்,
14.8.2025

அய்யாவுக்கு,

நான் சீட்டைக் கேட்டால் நீங்கள் ஆட்டுக்குட்டியைப் பற்றி எழுதுகிறீர்கள். சாரிடம் கெஞ்சி இன்னொரு டாக்டரிடமும் போனேன். "ஒரு வருஷம் முன்னப்பின்ன இருக்கலாம். ஆனா உனக்கு முழுசா ஒட்டிருக்கே" என்று அவரும் சொல்லிவிட்டார். இரண்டு வருடம் தடை போடுவார்களாம்.

"எங்க அய்யா பொய் சொல்ல மாட்டாரு" என்று சாரிடமே சண்டை போட்டேன். எப்போதும் எனக்கு அடுத்து வரும் சுஹா, "எத்தனை வருஷமாடி எங்கள ஏமாத்துற?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாள். சீட்டு இருக்கிறதா, இல்லையா? ஒரு வரி எழுதுங்கள், போதும்.

ஜோதிகா

நயினார்கோவில்,
20.8.2025

அன்பு மகளுக்கு,

சீட்டு இல்லை. நீ ஆஸ்பத்திரியில் பிறக்கவில்லை. விறகைக் கரியாக்கக் கரிமூட்டம் போடும் வேலைக்கு நானும் உன் அம்மாவும் ஊர் ஊராகப் போன காலம் அது. கருவேலங்காட்டுக் கொட்டகையில்தான் பிறந்தாய். ஊர் திரும்பி உன்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஏழரை வயது. உன் வயதுப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்பில் இருந்தார்கள். "இம்புட்டு நாளா என்ன செஞ்சீக?" என்று கேட்பார்களே என்று கூசிப்போய் அஞ்சரை என்று சொல்லிவிட்டேன். ஒல்லியாக இருந்தாய், நம்பிவிட்டார்கள். பிறகு சான்றிதழும் அதன்படியே வாங்கினேன்.

அன்றைக்கு ஓட்டப் பந்தயத்தை நான் கண்டேனா? ஆனால் நீ முதல் கோப்பையோடு வந்த அன்றாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

அபிராமத்தில் ஒருத்தர், உனக்கு ஏதோ சுரப்பிக் கோளாறு, அதனால்தான் எலும்பு முந்தி ஒட்டிவிட்டது என்று டாக்டர் லெட்டர் வாங்கித் தருகிறேன் என்கிறார். வாங்கட்டுமா?

அய்யா

ராமநாதபுரம்,
25.8.2025

அய்யாவுக்கு,

வேண்டாம். இல்லாத நோயை வேறு நான் சுமக்க வேண்டுமா?

போன மூன்று பந்தயத்திலும் முதல் இடம் சுஹாவுக்கு வந்திருக்க வேண்டியது. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு எல்லாம் முன்பே தெரியும் என்று சார் நினைக்கிறார். நான் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறாது. நீங்கள் நேரில் வந்து உங்கள் வாயால் சொல்லுங்கள். அதுவரை எனக்கு எழுத வேண்டாம்.

ஜோதிகா

நயினார்கோவில்,
1.9.2025

அன்பு மகளுக்கு,

நேற்று காலையில் முதல் பஸ்ஸில் வந்தேன். மைதானத்தில் நீ ஓடிக்கொண்டிருந்தாய். உன்னைக் கூப்பிடாமல் நேரே சார் இருந்த அறைக்குப் போனேன்.

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பிள்ளைக்குத் தெரியுமா?" என்று கேட்டார். "தெரியாது சார். பொய் சொன்னது நாந்தேன்" என்றேன். அதையே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார், போட்டேன். தடை நீங்குமா என்று அவருக்கும் தெரியவில்லை. "இனிமே பெரிய பிள்ளைக கூட ஓடிப் பழகட்டும்" என்றார்.

வெளியே வந்து வெயிலிலேயே படியில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு பிள்ளை ஓடி வந்து தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தது. "சுஹா, சீக்கிரம் வா" என்று யாரோ கூப்பிட்ட பிறகுதான் யாரென்று தெரிந்தது. நான் உன் அய்யா என்று அவளிடம் சொல்லவில்லை. குடித்துவிட்டு வந்துவிட்டேன். அதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நீ பிறந்தது ஐப்பசி மாதம், அடைமழையில். இந்த ஐப்பசியில் உனக்குப் பதினெட்டு. தேதி மட்டும் எனக்கும் உன் அம்மாவுக்கும் தெரியாது. தெரிந்ததுபோல் இனி ஒரு தேதியைச் சொல்ல மாட்டேன்.

உன் அய்யா,
இருளாண்டி